நாடாப்புழுவுக்குப் பன்றியின் பெயரைச் சூட்டியது யார்?

நீண்ட பதிவு. ஒட்டுண்ணியியல், கால்நடை மருத்துவம், பொதுச் சுகாதாரம், சமூகவியல் ஆகிய துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்களும் மாணவர்களும் இறுதிவரை படித்துவிட்டு, மறுக்க வேண்டியது இருந்தால் மறுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அண்மையில் ஓர் ஆய்வரங்கில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். வளர்ப்புப் பன்றிகளின் குடற்புழுத் தொற்று பற்றிய ஆய்வுத் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டது. திட்டம் முறையானதுதான். மாதிரி அளவு, சாணப் பரிசோதனை முறை, புள்ளியியல் எல்லாம் செம்மையாக இருந்தன. மூன்றாவது படவில்லையில் ஒரு நிழற்படம். சாக்கடைக்குள் மூக்கை நுழைத்து நிற்கும் ஒரு தாய்ப்பன்றி. பின்னால் தகரக் கூரை வேய்ந்த வரிசை வீடுகள். படத்தின் கீழே ஒரு வரி: ‘இச்சமூகத்தினரின் சுகாதாரமற்ற பழக்கவழக்கங்களே தொற்றுக்கு முதன்மைக் காரணம்.’ ஆய்வு இன்னும் தொடங்கவில்லை. ஒரு மாதிரிகூட எடுக்கப்படவில்லை. தீர்ப்பு மட்டும் எழுதி முடிக்கப்பட்டிருந்தது.

அத்தகைய வீடுகளை எனக்குத் தெரியும். கோலார் தங்கவயலில் அவற்றை ‘லைன்’ என்போம். வட ஆர்க்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த ஒருவரின் பேரனாக நான் பிறந்ததும் அப்படியொரு லைன் வீட்டில்தான். என் பாட்டி வீட்டின் பின்புறம் இரண்டு பன்றிகள் வளர்த்தார். ஆகவே எழுந்து கேட்டேன்: “படத்திலுள்ள சாக்கடை யாருடையது?” அரங்கில் சிரிப்பு எழுந்தது. “பன்றி வளர்ப்பவர்களை விட்டுவிட்டு நகராட்சியையா பரிசோதிக்கச் சொல்கிறீர்கள்?” என்றார் ஒருவர். நான் அமர்ந்துவிட்டேன். அன்று சொல்லாமல் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உயிரியலிலிருந்தே தொடங்குவோம். சாதியை அறிவியலுக்குள் கொண்டுவருகிறேன் என்று யாரும் குறைசொல்லக் கூடாது அல்லவா?

டீனியா சோலியம் என்னும் புழுவைத் தமிழில் ‘பன்றி நாடாப்புழு’ என்கிறோம். பாடநூல்களும் அவ்வாறே சொல்கின்றன. ஆனால் 1758இல் லின்னேயஸ் சூட்டிய அறிவியல் பெயரில் பன்றி இல்லை. இருக்கவும் நியாயமில்லை. ஏனெனில் முதிர்ந்த புழுவுக்கு இயற்கை அளித்த உறைவிடம் ஒன்றே ஒன்று: மனிதனின் சிறுகுடல். பன்றியின் குடலில் அது முதிர்வதில்லை. மனிதக் குடலில் சில மீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, முட்டைகள் நிறைந்த கண்டங்களை மலத்தோடு வெளியே தள்ளுகிறது. ஒரு கண்டத்தில் ஐம்பதாயிரம் முட்டைகள் வரை இருக்கலாம். அம்மலத்தைப் பன்றி தின்றால், முட்டையிலிருந்து வெளிப்படும் கரு குடற்சுவரைத் துளைத்து, இரத்தத்தின் வழியே தசையை அடைந்து நீர்க்கட்டியாகத் தங்கிவிடுகிறது. சரியாக வேகாத அந்த இறைச்சியை மனிதன் உண்டால் அவன் குடலில் மீண்டும் புழு வளர்கிறது. ஆக, இவ்வட்டத்தில் பன்றிக்குப் புழுவைக் கொடுப்பவன் மனிதன். பன்றி அதைத் திருப்பித் தருகிறது, அவ்வளவே.

இதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. மூளைக்குள் நீர்க்கட்டி உண்டாகி வலிப்பு வருவதை நியூரோசிஸ்டிசெர்கோசிஸ் என்கிறோம். இது பன்றியிறைச்சியைத் தின்பதால் நேரடியாக வருவதன்று. இறைச்சியில் இருப்பது கட்டி. அதை உண்டவனுக்கு வருவது குடற்புழு. மூளையைத் தாக்குவது முட்டையிலிருந்து வரும் கரு. அந்த முட்டை புழுவைச் சுமக்கும் ஒரு மனிதனின் மலத்திலிருந்து கை வழியாகவோ, நீர் வழியாகவோ, கழுவாத காய்கறி வழியாகவோ வாய்க்குள் போகிறது. சில வேளைகளில் அது நோயாளியின் சொந்த மலமாகவும் இருக்கலாம். மற்றபடி அது வீட்டாருடையதாகவோ, அண்டை வீட்டாருடையதாகவோ, உணவு சமைத்தவருடையதாகவோ இருக்கும். இளநிலை மாணவர்கூட அறிந்த இவ்வேறுபாடு, ஆய்வுக் கட்டுரைகளின் முன்னுரைக்கு வந்ததும் மறைந்துவிடுகிறது. அங்கே ‘பன்றி’, ‘பன்றி வளர்ப்போர்’, ‘வலிப்பு’ என்ற மூன்று சொற்கள் அடுத்தடுத்து வைக்கப்படுகின்றன. இடையில் இருக்கவேண்டிய ‘மனித மலம்’ என்ற சொல் நாகரிகம் கருதி விடுபட்டுவிடுகிறது.

வரலாற்றில் இன்னும் பின்னே செல்வோம். மனிதனைத் தாக்கும் டீனியா இனங்கள் வீட்டு விலங்குகளிடமிருந்து நமக்கு வந்தவை என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2001இல் ஹோபெர்க் குழுவினர் வெளியிட்ட பரிணாம ஆய்வு அந்நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. ஆப்பிரிக்கச் சமவெளிகளில் சிங்கமும் கழுதைப்புலியும் வேட்டையாடிய அதே மான்களின் இறைச்சியை நம் முன்னோர் உண்ணத் தொடங்கிய காலத்திலேயே இப்புழுக்களின் மூதாதைகள் மனிதனைப் பற்றிக்கொண்டன என்பது அவர்களின் முடிவு. அப்போது வேளாண்மை இல்லை. கால்நடை வளர்ப்பும் இல்லை. பின்னாளில் மாட்டையும் பன்றியையும் வீட்டில் கட்டியபோது அவற்றுக்கு இப்புழுவை அன்பளிப்பாக அளித்தவர்கள் நாம். இத்தனை தெரிந்த பின்னும் ‘பன்றி நாடாப்புழு’ என்று சொல்வது, திருடன் தன் பெயரைத் திருட்டுக் கொடுத்தவன்மேல் எழுதி வைப்பதைப் போன்றது.

இப்புழுவின் வாழ்க்கை வட்டம் கண்டறியப்பட்ட விதத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. 1855இல் ஜெர்மானிய மருத்துவர் கூகென்மைஸ்டர், மரண தண்டனை விதிக்கப்பட்ட கைதி ஒருவருக்குப் பன்றியிறைச்சியின் கட்டிகளை உணவில் கலந்து கொடுத்தார். தண்டனை நிறைவேறிய பின் உடலை அறுத்துக் குடலில் இளம் நாடாப்புழுக்களைக் கண்டார். கண்டுபிடிப்பு பெரிது, ஐயமில்லை. ஆனால் மறுத்துப் பேச முடியாதவனின் உடம்பே இத்துறையின் முதல் ஆய்வுக்கூடமாக இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது. மறுத்துப் பேச இயலாதவர்களைப் பற்றி எழுதும் பழக்கம் நமக்கு அங்கிருந்தே தொடங்குகிறது.

அடுத்து, அந்த ஆய்வுத் திட்டத்தின் மையமான சாணப் பரிசோதனைக்கு வருகிறேன். பன்றியின் சாணத்தை நுண்ணோக்கியில் ஆராய்ந்து அதன் தசையில் நாடாப்புழுக் கட்டி இருக்கிறதா என்று அறிய முடியாது. கட்டி முட்டையிடுவதில்லை. நாக்கின் அடிப்புறத்தைத் தடவிப் பார்த்தோ, இரத்தத்தைச் சோதித்தோ, அறுத்த இறைச்சியைப் பார்த்தோதான் அறியவேண்டும். அப்படியானால் பன்றியின் சாணத்தில் டீனியா முட்டை தென்பட்டால் அதற்கு என்ன பொருள்? பெரும்பாலும் ஒரே பொருள்தான்: எங்கோ கிடந்த மலத்தைப் பன்றி தின்றிருக்கிறது, முட்டை அதன் குடல் வழியே கடந்து வந்திருக்கிறது. டீனியா இனங்களின் முட்டைகளை நுண்ணோக்கியால் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியவும் முடியாது. அந்த முட்டையை ‘பன்றியிடம் காணப்பட்ட தொற்று’ என்று அட்டவணையில் நிரப்புவது உயிரியல் பிழை. அது பன்றியின் நோய்க்குச் சான்றன்று. கழிப்பறை இல்லாத ஒரு தெருவுக்குச் சான்று.

இதனால் வளர்ப்புப் பன்றிகளுக்குப் புழுவே இல்லை என்று நான் சொல்வதாக எண்ண வேண்டாம். உண்டு; நிறையவே உண்டு. பன்றிக்கே உரிய உருண்டைப்புழுவான அஸ்காரிஸ் சூயம் கொட்டில்களில் பெரும் நட்டம் விளைவிப்பது. அதன் முட்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிர்தரித்திருக்கும். குட்டி விழுங்கிய முட்டையிலிருந்து வரும் இளம்புழு கல்லீரலைக் கடந்து நுரையீரலுக்குப் போய், இருமலோடு தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு மீண்டும் குடலை அடைகிறது. அறுப்பிடத்தில் கல்லீரலில் தெரியும் பால்நிறத் திட்டுகள் அப்பயணத்தின் வடுக்கள். சாட்டைப்புழு, முடிச்சுப்புழு, குட்டிகளை வயிற்றுப்போக்கால் மெலிவிக்கும் காக்சிடியா ஆகியவையும் உண்டு. தின்ற தீனி உடலில் ஒட்டாமல் குட்டி தேய்ந்துபோவதை என் பாட்டி ‘உள்ளுக்குப் பூச்சி’ என்று ஒரே சொல்லில் சொல்வார். உருண்டைப்புழு மனிதனுக்கும் தொற்றக்கூடியது. எனவே கொட்டிலில் தரை போடுவதும், சாணத்தை அன்றாடம் அகற்றி மட்கவைப்பதும், குட்டி ஈனுமுன் தாய்ப்பன்றிக்குக் குடற்புழு நீக்கம் செய்வதும், பன்றியைத் தெருவில் திரியவிடாமல் அடைத்து வளர்ப்பதும் வளர்ப்பவரின் கடமைகள். இறைச்சியை நன்கு வேகவைப்பது உண்பவரின் கடமை. இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை.

இந்த மாவட்டத்தில் பன்றியைக் கண்டு அஞ்சுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. மூளைக்காய்ச்சலில் ஒரு வகையான ஜப்பானிய மூளையழற்சி 1970களின் இறுதியில் கோலாரில் பரவியது. அதன் நச்சுயிரி பன்றியின் உடலில் பெருகுவது உண்மை. அதைப் பன்றியிடமிருந்து மனிதனுக்குக் கொண்டுசெல்வது நெல்வயல் நீரில் பிறக்கும் கொசு என்பதும் உண்மை. ஆயினும் நெல்வயல்மீது எவரும் அருவருப்புக் கொண்டதில்லை. நெல் யாருடையது, பன்றி யாருடையது என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இருந்தால் அறியக் காத்திருக்கிறேன்.

கேள்வி கடமைகளைப் பற்றியதன்று. யாருடைய கடமை எழுதப்படுகிறது, யாருடைய கடமை எழுதப்படாமல் விடப்படுகிறது என்பதே கேள்வி. இதற்குத் தங்கவயலைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

1880 முதல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கே தங்கம் தோண்டியது. 1902இல் காவிரியின் சிவனசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து இங்கே மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிவதற்கு முன்பே எங்கள் சுரங்கத்தில் மின்சாரம் வந்துவிட்டது என்று பெருமை பேசி வளர்ந்தவர்கள் நாங்கள். பாலாற்றின் குறுக்கே பேத்தமங்கலத்தில் நீரைத் தேக்கிக் குழாய் வழியே சுரங்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்று அது. பூமிக்கு மூன்று கிலோமீட்டர் கீழே காற்றையும் வெளிச்சத்தையும் அனுப்பத் தெரிந்த பொறியியலுக்கு, தரைக்கு மூன்றடி கீழே ஒரு மலக்குழாய் பதிக்கத் தெரியவில்லை. தொழிலாளர் லைன்களில் இருந்தவை உலர் கழிப்பறைகள். அவற்றிலிருந்த மலத்தை மனிதர்கள் வாரிச் சுமந்தார்கள்.

அவ்வாறு சுமந்த குடும்பம் ஒன்றில், இதே தங்கவயலில், 1966இல் பிறந்தவர் பெசவாடா வில்சன். தன் பெற்றோரும் உற்றாரும் செய்யும் வேலை எதுவென்று அறிந்த நாளிலிருந்து உலர் கழிப்பறைகளை இடிக்கச் சொல்லிப் போராடினார். சபாய் கர்மசாரி ஆந்தோலன் என்னும் இயக்கமாக அது வளர்ந்தது. 2016இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. மலம் அள்ளும் பணிக்கு ஆட்களை அமர்த்துவதையும் உலர் கழிப்பறை கட்டுவதையும் தடைசெய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013இல் இன்னொரு சட்டம் வந்தது. இரண்டுக்கும் இடையே, 2011இல், இதே தங்கவயலில் மலக்குழிக்குள் இறங்கியவர்கள் மூச்சடைத்து மாண்டார்கள். 2001 பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. தங்கத்தை எடுத்துக்கொண்டவர்கள் சயனைடு மேடுகளையும் சாக்கடைகளையும் எங்களிடம் விட்டுச் சென்றார்கள்.

சுரங்கம் மூடிய பிறகு ஆண்கள் விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருக்குக் கூலிவேலைக்குப் போனார்கள், இன்றும் போகிறார்கள். வீட்டிலிருந்த பெண்களில் சிலருக்குப் பன்றியே வங்கி. பள்ளிக்கட்டணம் கட்டும் மாதத்தில் ஒன்றை விற்பார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒன்றை அறுத்துப் பங்கு போடுவார்கள். காசு கொடுத்துத் தீவனம் வாங்க முடிந்தால் வாங்கியிருப்பார்கள். இயலாதபோது பன்றி தன் உணவைத் தானே தேடிக்கொண்டது. அது தேடிய இடத்தில் என்ன கிடந்தது என்பதற்குப் பன்றி பொறுப்பா? என் பாட்டி பொறுப்பா?

இனி வேலூருக்கு வாருங்கள். தங்கவயலையும் வேலூரையும் இணைப்பது பாலாறு மட்டுமன்று. எங்கள் முன்னோர் புறப்பட்டுவந்த வட ஆர்க்காடே அது. உறவுமுறையும் உணவுமுறையும் ஒன்றுதான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராஜசேகரும் அவருடைய குழுவினரும் அம்மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கணக்கெடுத்து 2006இல் தம் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்கு ஏறக்குறைய நால்வருக்கு வலிப்பு நோய் இருந்தது. பரிசோதிக்கப்பட்ட வலிப்பு நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் மூளையில் தங்கிய இந்த நாடாப்புழுக் கட்டி. உலகச் சுகாதார நிறுவனமும், இந்நோய் வேரூன்றிய நாடுகளில் வலிப்புக்கு ஏறக்குறைய 30 விழுக்காடு காரணம் இதுவே என்கிறது. இது சிறிய செய்தியன்று. தடுக்கக்கூடிய வலிப்பு இது. பள்ளியிலிருந்து நின்றுவிட்ட சிறுவனும், திருமணம் முறிந்துபோன பெண்ணும், சமைத்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் விழுந்த தாயும் இந்த எண்களுக்குள் இருக்கிறார்கள்.

ஆனால் அவர்கள் யார்? இந்தியாவில் இந்நோய்க்கு ஆளாவோரில் மிகப் பெரும்பாலோர் பன்றியிறைச்சியை உண்ணாதவர்கள். அவர்களுள் மரக்கறி மட்டுமே உண்பவர்களும் பலர். இதை மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். உலகம் அறிந்த சான்று ஒன்றும் உண்டு. 1990, 1991ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில், பன்றியைத் தீண்டவும் சமயம் அனுமதிக்காத வைதிக யூதர் சிலருக்கு இதே நோய் வந்தது. பன்றியை விலக்கி வைத்த சமையலறைக்குள் முட்டை நுழைந்துவிட்டது. விலக்கு எவரையும் காக்கவில்லை. ‘நாங்கள் அதையெல்லாம் சாப்பிடுவதில்லை’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள இந்தப் புழு இடம் தருவதில்லை. ஊரின் மலம் எங்கே போகிறது என்று கவலைப்படாத ஊரில், சேரிக்கு வருவது அக்கிரகாரத்துக்கும் வரும்.

1888ஆம் ஆண்டு மதராஸில் வலிப்பு வந்து இறந்த ஒருவரின் உடலில் இந்நோய் கண்டதாக ஆர்ம்ஸ்ட்ராங் எழுதியதே இந்தியாவின் முதல் மருத்துவப் பதிவு எனப்படுகிறது. அந்த மனிதரின் பெயர் நம்மிடம் இல்லை. ‘கூலி’ என்ற சொல்லே அவருக்குப் பெயராகிவிட்டது. பின்னர் இந்தியாவில் பணியாற்றித் தாயகம் திரும்பிய பிரிட்டிஷ் படைவீரர்களுக்கு வலிப்பு வரத் தொடங்கியபோதுதான் நோய் தீவிரமாக ஆராயப்பட்டது. 1961இல் டிக்சனும் லிப்ஸ்கோம்பும் 450 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்த படைவீரர்கள். கூலி இறந்தபோது அது ஒரு குறிப்பு. சிப்பாய்கள் விழுந்தபோது அது ஒரு நூல்.

சுரங்க வரலாற்றிலிருந்தே ஓர் ஒப்பீட்டைச் சொல்லிவிடுகிறேன். 1902இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலுள்ள டால்கோத் சுரங்கத்தில் தொழிலாளர்கள் இரத்தச்சோகையால் வாடினார்கள். ஹால்டேன் ஆராய்ந்தார். காரணம் கொக்கிப்புழு என்று தெரிந்தது. சுரங்கத்துக்குள் கழிப்பறை இல்லை. வெப்பமும் ஈரமும் மிகுந்த தரையில் மலத்திலிருந்த புழு பெருகியது. தீர்வாகச் சொல்லப்பட்டது என்ன? நிலத்தடியில் கழிப்பிட வசதி செய்து, மலத்தை மேலே கொண்டுவந்து அகற்ற வேண்டும் என்பது. அதாவது நிர்வாகம் ஒன்றைச் செய்யவேண்டும் என்பது. கார்ன்வால் மக்களின் ‘சமூகப் பழக்கவழக்கம்’ நோய்க்கு முதன்மைக் காரணமாகிவிடவில்லை. கோலாருக்கு மேற்பார்வையாளர்களாக வந்தவர்களில் பலர் அதே கார்ன்வால்காரர்கள். அறிவு கப்பலேறி வந்தது. கழிப்பறை மட்டும் வந்துசேரவில்லை.

இடத்துக்கு இடம் புழுவின் மதிப்பும் மாறுவதைப் பாருங்கள். 2005இல் அமெரிக்காவின் ஐயோவாவில், குடலழற்சி நோயாளிகளுக்குப் பன்றியின் சாட்டைப்புழு முட்டைகளை மூன்று வாரத்துக்கு ஒருமுறை 2,500 வீதம் விழுங்கக் கொடுத்துச் சோதித்தார்கள். பின்னாளைய சோதனைகளில் அம்மருத்துவம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்பது வேறு கதை. ஆய்வகத்தில் வளர்த்துக் குப்பியில் அடைத்தால் அது மருந்து. லைன் வீட்டுக் கொல்லையில் இருந்தால் அது ‘பழக்கவழக்கம்’.

‘பன்றிகளை ஊரைவிட்டே அகற்றிவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமே’ என்பது வழக்கமாக வரும் மறுமொழி. நேர்மையாகவே விடை சொல்கிறேன். பன்றியே இல்லாத இடத்தில் டீனியா சோலியத்தின் வட்டம் அறுபடும், உண்மை. ஆனால் பன்றி தின்றுகொண்டிருந்த மலம் அங்கேயே கிடக்கும். கொக்கிப்புழுவுக்கும் மனிதனின் உருண்டைப்புழுவுக்கும் டைபாய்டுக்கும் காலராவுக்கும் பன்றி தேவையில்லை. மலம் போதும். நோய்க்கான சான்றை அகற்றுவது நோயை அகற்றுவதாகாது. பன்றியோடு சேர்த்து ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் அகற்றுகிறோம் என்பதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம் என்றால், அந்தக் கணக்கு யாருக்காகப் போடப்படுகிறது?

வேறு வழி உண்டு, செய்தும் காட்டியிருக்கிறார்கள். பெரு நாட்டின் தும்பெஸ் பகுதியில் மனிதர்களுக்கும் பன்றிகளுக்கும் ஒருசேர மருந்து கொடுத்து, பன்றிகளுக்குத் தடுப்பூசியும் போட்டார்கள். இறுதியில் பன்றிகளை அறுத்துப் பார்த்தபோது 107 சிற்றூர்களில் 105இல் உயிருள்ள கட்டி எதுவும் இல்லை. 2016இல் முடிவுகள் வெளியாயின. பன்றிகளை விரட்டவில்லை, பன்றி வளர்ப்போரைப் பழிக்கவில்லை, அவர்களையும் சேர்த்துக்கொண்டு செய்தார்கள். அதற்கும் முன்பே, 1990களின் தொடக்கத்தில், உலகிலிருந்து ஒழிக்கத்தக்க நோய்களின் பட்டியலில் வல்லுநர் குழு இதைச் சேர்த்திருந்தது. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் லைட்டௌலர்ஸ் உருவாக்கிய பன்றித் தடுப்பூசியைத் தயாரிப்பது எந்நாடு தெரியுமா? இந்தியா. ஐதராபாத்திலுள்ள இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனம். தசையிலுள்ள கட்டியை ஒரே வேளையில் அழிக்கும் ஆக்ஸ்ஃபெண்டசோல் மருந்தும் இருக்கிறது. நோயும் நம் நாட்டில். தடுப்பூசியும் நம் நாட்டில். இரண்டுக்கும் நடுவே நிற்பது அறியாமையன்று, அருவருப்பு.

அந்த அருவருப்புக்கு நம் துறைகள் ஆண்டுதோறும் புள்ளிவிவரம் வழங்கிக்கொண்டிருக்கின்றன என்பதே என் குற்றச்சாட்டு. பன்றிச் சாண மாதிரி எடுக்க வருகிறோம். கையுறை, முகக்கவசம், மாதிரிக் குப்பி. வளர்ப்பவரிடம் நாற்பது கேள்விகள்: கை கழுவுவீர்களா, செருப்பு அணிவீர்களா, கழிப்பறையைப் பயன்படுத்துவீர்களா? ‘இல்லை’ என்ற விடை கிடைத்ததும் கட்டம் நிரம்பிவிடுகிறது. கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, வந்தால் எத்தனை நாளுக்கு ஒருமுறை, மலக்குழி கடைசியாக எப்போது தூர்வாரப்பட்டது, அதற்குள் இறங்கியது மனிதனா இயந்திரமா என்று கேட்கும் கட்டம் படிவத்திலேயே இல்லை. கேட்காத கேள்விக்கு விடை வராது. வராத விடை ‘ஆபத்துக் காரணி’ ஆகாது. இப்படித்தான் அரசு ஆய்விலிருந்து நழுவிப் போகிறது. என் பாட்டி மட்டும் அட்டவணையில் எஞ்சுகிறார்.

இத்துறைகளில் பயிலும் மாணவர்களிடம் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று. ‘சுகாதாரமற்ற பழக்கவழக்கம்’ என்ற தொடரை எழுதுமுன், அதை அளந்தீர்களா என்று உங்களையே கேளுங்கள். அளந்தது கழிப்பறையின் தூரம் என்றால் தூரத்தை எழுதுங்கள். தண்ணீர் வராத நாட்கள் என்றால் நாட்களை எழுதுங்கள். அளக்காததை எழுதாதீர்கள்.

இரண்டு. பன்றியை மட்டும் பரிசோதித்துவிட்டு டீனியாவைப் பற்றி முடிவுரை எழுதாதீர்கள். முதிர்ந்த புழு மனிதனிடம் இருக்கிறது. மனிதர்களைச் சோதித்து மருந்து கொடுக்கும் ஏற்பாடு இல்லாத ஆய்வு, பாதி வட்டத்தை வரைந்துவிட்டு முழு வட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்கிறது.

மூன்று. முடிவுகளை வளர்ப்பவரிடம் திருப்பிக் கொடுங்கள். எந்தப் பன்றிக்கு என்ன புழு, என்ன மருந்து, எந்த அளவு, மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் அறுக்கக் கூடாது என்பதைத் தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ எழுதிக் கையில் கொடுங்கள். ஃபென்பெண்டசோலும் ஐவர்மெக்டினும் கிடைத்தற்கரிய மருந்துகள் அல்ல. மாதிரியை எடுத்துக்கொண்டு மருந்தைக் கொடுக்காமல் போவது, என் வரையில், தங்கத்தை எடுத்துக்கொண்டு சயனைடை விட்டுச் செல்வதற்குச் சமம்.

நான்கு. நெறிக்குழுக்களில் இருப்போருக்கு. பன்றிக்கு ஊசி போடவேண்டுமானால் விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதல் தேவை. அது தேவையானதே. அப்பன்றியை வளர்ப்பவரைப் பற்றி ஆயிரம் பேர் படிக்கும் கட்டுரையில் ஒரு வரி எழுத யாருடைய ஒப்புதலும் தேவைப்படுவதில்லை. அந்த வரியையும் பார்வையிடுங்கள்.

‘நீங்கள் உணர்ச்சிவசப்படுகிறீர்கள், அறிவியலில் சாதியைக் கலக்கிறீர்கள்’ என்று சிலர் பின்னூட்டமிடுவார்கள் என்பதை அறிவேன். அன்று திரையில் இருந்த வரியை மீண்டும் படியுங்கள்: ‘இச்சமூகத்தினரின்’. அச்சொல்லை எழுதியவன் நானல்லன். அதை நீக்கிவிட்டு அந்த இடத்தில் சரியான காரணியை எழுதுங்கள் என்று மட்டுமே கேட்கிறேன். சாதியைக் கலப்பது அதுவா, இதுவா?

என் பாட்டி இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கடைசிப் பன்றியை விற்ற பணத்தில் எனக்கு முதுகலைச் சேர்க்கைக் கட்டணம் கட்டினார். அவருடைய கொட்டிலைக் கழுவ அவரிடம் துடைப்பமும் சாம்பலும் இருந்தன, தண்ணீர் இல்லை. கொட்டிலைத் தாண்டி ஓடிய சாக்கடை அவர் வெட்டியதன்று. அதில் மிதந்தது அவர் வீட்டிலிருந்து மட்டும் வந்ததுமன்று.

ஆய்வரங்கில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். பன்றி வளர்ப்பவரை விட்டுவிடச் சொல்லவில்லை. அவருடைய பன்றியைப் பரிசோதியுங்கள், மருந்தும் கொடுங்கள். ஆனால் ஐயா, ஆம். நகராட்சியைத்தான் பரிசோதிக்கச் சொல்கிறேன்.